நான்கு மீட்டருக்கு உள்ளே: காதிரைச்சல், காந்த சிகிச்சை, சாட்சியம்

1

சத்தத்தைப் பற்றிய கட்டுரையை நிசப்தத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளை (எங்கள் ஊர்ப் பேச்சில் 'பயராபீஸ்') வெளியிலிருந்து வருபவர்கள் பெரும் இரைச்சலுள்ள இடமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நிலைமை நேரெதிரானது. கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கு நான்கு பேர். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புச் சாமான் கூடாது, உரசல் கூடாது, ஓட்டம் கூடாது. நூற்பாலையில் கேட்கும் யந்திர ஓலம் இங்கே கிடையாது. இந்தியாவின் தீபாவளிச் சத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கை இந்த மாவட்டத்து மனிதர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள். வெடியுப்பாக, கந்தகமாக, அலுமினியத் தூளாகச் சத்தம் அங்கே ஊமையாக இருக்கிறது.

இந்த நிசப்தம் இரண்டு இடங்களில் உடைகிறது. ஒன்று விபத்து. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் நடந்தவற்றைச் செய்தித்தாள்கள் சாவுக் கணக்காக எழுதின. தப்பித்தவர்களின் செவிப்பறைகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மற்றொன்று 'சாம்பிள்' வெடிக்கும் இடம். கலவை சரியா, திரி சரியா என்று பார்க்க, முடிந்த சரக்கிலிருந்து சிலவற்றை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். என் அய்யா ஓர் ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தார். ஊதுபத்தியால் திரியைத் தொடுவது, ஐந்தாறு எட்டுப் பின்னால் வருவது, கேட்பது, அவ்வளவுதான். 'சத்தம் கம்மி' என்று அவர் சொன்னால் போர்மேன் மருந்து அறைக்குப் போவார். ஒருவிதத்தில் அய்யாவின் காதுதான் அந்த ஆலையின் மீட்டர். காதுக்குப் பஞ்சு வைத்தால் சத்தத்தை எடைபோட முடியாது என்பதால் பஞ்சும் வைத்ததில்லை.

இப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. "காதுக்குள்ள சில்வண்டு கத்திக்கிட்டே கெடக்குப்பா" என்கிறார். இரவில் கரண்ட் போய்ப் பழைய மின்விசிறியின் கடகடப்பு நின்றதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். "வெடிச்சது நின்னுரும். இது நிக்க மாட்டேங்குது."

சென்ற ஆண்டு என் தங்கை மாப்பிள்ளை நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்தார். காதிரைச்சலுக்கு மூளையில் காந்த சிகிச்சை, அறுவை இல்லை, மயக்க மருந்து இல்லை, நிரந்தரத் தீர்வு என்று போட்டிருந்தது. கேட்ட தொகைக்கு வீட்டில் இருக்கும் நகையை அடகு வைக்க வேண்டும். "நீதான் படிச்சவனாச்சே, இது கேக்குமா கேக்காதான்னு பாத்துச் சொல்லு" என்றார் அய்யா. தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கக்கூடிய கேள்விதானா என்று முதலில் தோன்றியது. படிக்கப் படிக்க, இது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல என்பதும் தெரிந்தது. ஒருவன் தனக்குள் கேட்கும் ஒலிக்கு வெளியில் யார் சாட்சி என்பதே இதன் மையம். இலக்கிய விமர்சனம் படித்தவனுக்கு இது முற்றிலும் அந்நியமான கேள்வி அல்ல.

2

உரிச்சொல்லைப் பேசும்போது தொல்காப்பியர் இசை, குறிப்பு, பண்பு என்று மூன்று தளங்களைச் சொல்கிறார். இசை செவியால் உணரப்படுவது, குறிப்பு மனத்தால் உணரப்படுவது என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினார்கள். காதிரைச்சல் இந்தப் பிரிவினையைக் குழப்பிவிடுகிறது. கேட்பவனுக்கு அது இசை. ஆனால் வெளியே காற்றில் எந்த அதிர்வும் இல்லை. செவியால் கேட்கப்படுவதாகவே தோன்றும் குறிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். 'மனப்பிரமை' என்று தள்ளிவிட முடியாத குறிப்பு.

இது எப்படி நேர்கிறது? உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறத்தாழ பதினையாயிரம் மயிரணுக்கள். காற்றின் அதிர்வை நரம்பு மொழிக்குப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இவை. பாலூட்டிகளில் இவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. நாள்பட்ட இரைச்சலும் திடீர் வெடிச் சத்தமும் முதலில் கெடுப்பது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டிய அணுக்களைத்தான். கேட்புத்திறன் வரைபடத்தில், அதாவது ஆடியோகிராமில், அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே நடப்பதால் ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். சில மெய்யொலிகளின் வேறுபாடுதான் சந்தடியில் கொஞ்சம் மங்கும். 'காது நல்லாத்தானே கேக்குது' என்று வீட்டில் சொல்வார்கள்.

மூளைக்கு இந்தப் பள்ளம் தெரிந்துவிடுகிறது. ஓர் அலைவரிசையிலிருந்து செய்தி வருவது நின்றால், அந்த அலைவரிசைக்குரிய நரம்புகள் சும்மா இருப்பதில்லை. நிலையம் கிடைக்காத வானொலியின் சத்தத்தைக் கூட்டினால் கரகரப்புத்தானே கூடும். அதுபோல மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போகிறது. நரம்புகளின் உள்முணுமுணுப்பு ஒலியாகக் கேட்கிறது. இதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1990இல் ஜாஸ்ட்ரெபாஃப் காதிரைச்சலை 'மாயப் புலனுணர்வு' என்று வரையறுத்தார். துண்டிக்கப்பட்ட கை வலிப்பது போன்றது. தமிழகத்திலிருந்து சென்ற வி.எஸ். ராமச்சந்திரன் தொண்ணூறுகளில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து மாய உறுப்பு வலியை ஆராய்ந்ததை வாசகர்கள் அறிந்திருக்கலாம். காதுக்கும் அப்படி ஒரு மாய உறுப்பு உண்டு. செவி நரம்பை அறுத்துவிட்டாலும் பலருக்கு இரைச்சல் ஓய்வதில்லை என்பது இதற்கு வலுவான சான்று.

இந்த மாயம் நோயாளிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நல்ல கேட்புத்திறனுள்ள 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முழு நிசப்தத்தை மூளை தாங்குவதில்லை. நமக்கு அறையை விட்டு வெளியே வந்துவிட முடிகிறது. அய்யாவுக்கு அது முடிவதில்லை.

பாடநூல் தமிழில் மூளையின் மேல்மடிப்பைப் 'புறணி' என்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவதற்கும் நம்மிடம் அதே சொல்தான். ஒலி இல்லாத இடத்தில் ஒலியைப் பேசும் உறுப்புக்கு இந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

3

ஒலி மூளையில் பிறக்கிறதென்றால் சிகிச்சையும் மூளையில் நடக்கட்டும் என்ற யோசனை இயல்பாகவே வந்திருக்கிறது. அதற்குக் கருவி காந்தம்.

காந்தம் என்றதும் நம்மூர்ச் சந்தையில் விற்கும் காந்த மாலை, காந்தப் படுக்கை ஆகியவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அசையாத காந்தம் நரம்பை ஒன்றும் செய்வதில்லை. மாறும் காந்தப்புலம்தான் மின்னோட்டத்தை உண்டாக்கும். இது 1831இல் ஃபாரடே கண்ட விதி. நம் வீட்டு மின்மாற்றி இயங்குவதும் இதனால்தான். ஒரு செப்புக் கம்பிச் சுருளைத் தலையை ஒட்டி வைத்து, அதில் வலுவான மின்சாரத்தை ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பாய்ச்சினால், ஒன்றரை இரண்டு டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் எழுந்து அடங்கும். மண்டை ஓடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தத்தைத் தடுக்காது. உள்ளே நரம்புகளில் ஒரு சிறு மின்னோட்டம் தூண்டப்படும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் சகாக்களும் இதைச் செய்து காட்டினார்கள். தலையில் கையசைவுக்குரிய இடத்தின் மேல் சுருளை வைத்து ஒரு துடிப்புக் கொடுத்ததும் எதிர்ப்பக்கக் கை சுண்டியது.

ஒற்றைத் துடிப்பு சோதனைக்கு உரியது. துடிப்புகளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் சிகிச்சை. மருத்துவர்கள் அதை ஆர்.டி.எம்.எஸ். என்கிறார்கள். விநாடிக்கு ஐந்து, பத்து என்று வேகமாகக் கொடுத்தால் அந்த இடத்து நரம்புகளின் கிளர்ச்சி பொதுவாகக் கூடுகிறது. விநாடிக்கு ஒன்று என்று நிதானமாகக் கொடுத்தால் குறைகிறது. மனச்சோர்வுக்கு இந்த முறை 2008இலும், எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018இலும் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களிலும் மனநலத் துறையில் இது பயன்படுகிறது. ஆக இது போலி விஞ்ஞானம் அல்ல. காதிரைச்சலுக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வி. அந்த அனுமதிகளில் காதிரைச்சல் இல்லை.

தர்க்கம் எளிமையானது. காதிரைச்சலில் செவிப்புலப் புறணி மிகையாகக் கிளர்ந்திருக்கிறது. நிதானமான துடிப்பு கிளர்ச்சியைக் குறைக்கும். எனவே காதுக்கு மேலே, பெரும்பாலும் இடப்பக்கம், விநாடிக்கு ஒரு துடிப்பு, நாளைக்கு ஓராயிரம் இரண்டாயிரம் என்று பத்து நாள். 2003இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதைத் தொடங்கிவைத்தார்கள்.

ஒரு முரண் இங்கே உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் அந்தச் செப்புச் சுருள் அதிர்ந்து 'டப்' என்று வெடிக்கிறது, கூரிய சத்தம். காதுக்குப் பக்கத்தில் என்பதால் நோயாளிக்கு அடைப்பான் வைத்தே தீர வேண்டும் என்பது விதி. இரைச்சலுக்கு மருத்துவம் பார்க்கப் போகிறவனுக்கு முதலில் காது அடைப்பான் கொடுக்கிறார்கள். இருபது வருஷம் வெடி கொளுத்தியபோது கிடைக்காத அடைப்பான்.

4

சோதனைகள் என்ன சொல்கின்றன? 2015இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்று தன் ஆய்வை வெளியிட்டது. உண்மைச் சுருள் 32 பேருக்கு, போலிச் சுருள் 32 பேருக்கு. போலிச் சுருளும் 'டப் டப்' என்று சத்தம் போடும், ஆனால் மூளைக்குக் காந்தம் போகாது. உண்மைச் சுருள் வைத்தவர்களில் 18 பேருக்கு முன்னேற்றம். போலியில் 7 பேருக்கு. நம்பிக்கை தரும் முடிவுதான். விளம்பரத் தாள்கள் வழக்கமாக இந்த மாதிரி ஆய்வோடு நின்றுகொள்ளும்.

2017இல் ஜெர்மனியின் பல மருத்துவமனைகள் சேர்ந்து இன்னும் பெரிய ஆய்வைச் செய்தன. 150க்கும் மேற்பட்டவர்கள், அதே விநாடிக்கு ஒரு துடிப்பு, அதே பத்து அமர்வு. உண்மைக்கும் போலிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதற்கு முன்பே 2014இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு, காதிரைச்சலுக்குக் காந்தத் தூண்டலை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று வழிகாட்டியிருந்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2019இல் அதே பக்கம்தான் நின்றது.

ஏன் இப்படி? ஒரு காரணம் உடற்கூறு. மனச்சோர்வுக்குத் தூண்டப்படும் இடம் நெற்றிக்கு மேலே, மண்டை ஓட்டின் கீழேயே இருக்கிறது. செவிப்புலப் புறணியின் முக்கியப் பகுதியோ பக்கவாட்டுப் பிளவின் மடிப்புக்குள் புதைந்திருக்கிறது. சாதாரணச் சுருளின் வீச்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர். தொட வேண்டிய இடத்தை அது நேராகத் தொடுவதில்லை. இரண்டாவது காரணம், காதிரைச்சல் என்பது ஒரே நோய் அல்ல. வெடியால் வந்தது, வயதால் வந்தது, மருந்தால் வந்தது, கழுத்துப் பிடிப்பால் வந்தது என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். மூன்றாவதாக, இரைச்சலும் இரைச்சலால் வரும் துன்பமும் வேறு வேறு. பலர் அதே சத்தத்தோடு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். துன்பம் கவனத்திலும் அச்சத்திலும் தூக்கத்திலும் பின்னப்பட்டிருக்கிறது. ஒரே இடத்தில் காந்தத்தை வைத்து இந்தப் பின்னலை அவிழ்க்க முடிவதில்லை.

கைக்கு எட்டும் வழிகள் கவர்ச்சியற்றவை. கேட்புத்திறன் சோதனை. குறைவிருந்தால் காதொலிக் கருவி. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் மூளை தன் கரகரப்பைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறது. முழு நிசப்தத்தைத் தவிர்ப்பது. அய்யாவின் மின்விசிறி மருத்துவ நூல்கள் ஏற்கும் ஒரு வழிதான், யாரும் சொல்லாமல் அவராகக் கண்டுபிடித்தது. பிறகு எண்ணப் பழக்கங்களை மாற்றும் உளச் சிகிச்சை. சத்தம் இதனால் குறையாது, சத்தத்தின் மீதான பீதி குறையும். மேற்சொன்ன 2014 வழிகாட்டுதல் பரிந்துரைத்தது இவற்றைத்தான்.

சோதனைகளைப் பற்றிய மற்றொரு விஷயமும் கவனத்திற்குரியது. இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இறுதி அளவுகோல் நோயாளி நிரப்பும் கேள்வித்தாள்தான். இரண்டு டெஸ்லா காந்தம், நவீன மூளைப்படம் எல்லாம் இருந்தும் கடைசியில் 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்டு எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. 1816இல் லென்னக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்ததிலிருந்து, நோயாளியின் பேச்சைத் தாண்டி அவனது உடலை நேரடியாகக் கேட்பதே மருத்துவத்தின் ஆசையாக இருந்துவந்தது. ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் வரலாறு இந்தப் பார்வையின் வரலாறுதான். அந்தப் பார்வையின் அதிகாரத்தைச் சாதாரணக் காதிரைச்சல் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஸ்டெதஸ்கோப்புக்கு இது கேட்காது. இங்கே சொல்பவன் மட்டுமே சாட்சி.

5

இந்த இடத்தில் பட்டாசுக்குத் திரும்பலாம். ஏனெனில் பட்டாசுச் சத்தத்துக்கும் ஒரு சட்ட அளவுகோல் இருக்கிறது. 1999 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் ஏ.ஐ. அளவையில் 125 டெசிபலையோ, சி. உச்ச அளவையில் 145 டெசிபலையோ தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. அளக்கும் முறையையும் விதி சொல்கிறது: ஐந்து மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தரை, சுற்றிலும் பதினைந்து மீட்டருக்கு எதிரொலிக்கும் சுவர் எதுவும் இல்லாத வெளி. 2005, 2018, 2021 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நேரக் கட்டுப்பாடு, பேரியம் தடை, சரவெடித் தடை, பசுமைப் பட்டாசு என்று மேலும் போயின.

நான் இந்த விதிகளுக்கு எதிரி அல்ல. ஆனால் இந்த நான்கு மீட்டர் யாருடைய நான்கு மீட்டர்? அங்கே நிற்கும் மைக், வாங்குபவனின் காதைப் பாவனை செய்கிறது. தெருவில் நடப்பவன், மாடியில் தூங்கும் முதியவர், குழந்தை, நாய் ஆகியோருக்காகச் சட்டம் கேட்கிறது. கொளுத்துகிறவன் நான்கு மீட்டருக்கு உள்ளே நிற்கிறான். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். நான்கு மீட்டரில் 145 என்றால் இரண்டு மீட்டரில் 151. திடீர் ஒலிக்குப் பெரியவர்களின் காது தாங்கும் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 140, குழந்தைகளுக்கு 120. தொழிற்சாலைக்கான நமது மாதிரி விதிகளும் அந்த 140ஐத்தான் உச்சவரம்பாக வைத்திருந்தன. அதாவது சட்டப்படி சரியான ஒரு வெடி, சட்டப்படி சரியான தூரத்திலேயே, தொழிலாளிக்கான வரம்பைத் தாண்டிவிடலாம். ஒரே அரசின் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று வாசித்துப் பார்க்கவில்லை.

தொழிலாளியின் காது சட்டத்தில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அறிவித்தே ஆக வேண்டிய நோய்களில் 'இரைச்சலால் கேட்புத்திறன் இழப்பு' இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் சட்டம் கேட்பது 'இழப்பை'. எவ்வளவு டெசிபல் குறைந்திருக்கிறது என்று யந்திரம் சொல்ல வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 'கேட்புக் குறைபாடு' என்று சொல்லிக்கொள்ள இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும். 4000 ஹெர்ட்ஸில் விழும் ஒற்றைப் பள்ளம் சராசரியில் கரைந்து போகும். காதிரைச்சலோ இழப்பு அல்ல, மிகுதி. இல்லாமல் போன ஒன்றை அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு, கூடுதலாக வந்து சேர்ந்த ஒன்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அட்டவணைகளில் காதிரைச்சல் என்ற சொல்லைக் காணோம்.

அப்படியானால் அளக்க முடியாததைச் சட்டம் ஏற்கவே முடியாதா? போர்ட்லாண்ட் ஆய்வு முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நடந்ததன் காரணம் இங்கே முக்கியமாகிறது. அமெரிக்கப் படைவீரர்கள் பணியால் பெறும் குறைபாடுகளில் எண்ணிக்கையில் முதலிடம் காதிரைச்சலுக்கு. அதற்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உதவித்தொகை பெற்றுவந்திருக்கிறார்கள். சத்தம் கேட்கிறது என்பதற்குச் சான்று, பெரும்பாலும் அவர்கள் வாய்ச்சொல்தான். துப்பாக்கி மருந்தின் பக்கத்தில் நின்றவன் 'கேட்கிறது' என்றால் அரசு நம்பியிருக்கிறது. வல்லரசின் கருணை என்று இதை நான் போற்றவில்லை. அந்தப் போர்களின் மறுபக்கத்தில் நின்ற காதுகளுக்கு யார் உதவித்தொகை தந்தார்கள் என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: சாட்சியத்தை ஏற்பது சட்டத்துக்குச் சாத்தியமற்ற காரியம் அல்ல. யாருடைய சாட்சியம் என்பதைப் பொறுத்தது.

6

இந்தப் பின்னணியில்தான் காந்த சிகிச்சையின் சொல்லாடலை வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதில் விடுதலைக்கூறு ஒன்று உண்டு. 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று துரத்தப்பட்டவனிடம், 'இல்லை, உன் மூளையில் உண்மையிலேயே ஒன்று நடக்கிறது' என்று சொல்கிறது. இதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். அய்யாவுக்கு நரம்பு, பள்ளம், வானொலிக் கரகரப்பு என்று விளக்கியபோது அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. "அப்ப எனக்குக் கிறுக்கு இல்ல" என்றார்.

ஆனால் அதே சொல்லாடல் இன்னொரு காரியத்தையும் செய்துவிடுகிறது. காதிலிருந்து மூளைக்குப் போகும்போது, ஆலையிலிருந்தும் நாம் வெளியே வந்துவிடுகிறோம். நோயின் இருப்பிடம் புறணி, நோயின் காரணம் நரம்பின் மிகைக் கிளர்ச்சி, நோயின் தீர்வு பத்து அமர்வு. இந்த வாக்கியங்களில் திரி இல்லை, ஊதுபத்தி இல்லை, பஞ்சு தராத கம்பெனி இல்லை. சமூகக் காரணம் உள்ள ஒரு காயம், தனிமனித மூளையின் 'நெகிழ்ச்சிக் கோளாறு' ஆகிவிடுகிறது. செலவும் தனிமனிதனுடையது. எங்கள் வீட்டு நகை.

இதைச் சொல்லும்போது நமது சூழலில் ஓர் ஆபத்து உண்டு. 'அதிகாரம் கட்டமைத்த கதையாடல்' என்று நரம்பியலையே ஒதுக்கிவிட்டு எழுந்துபோகலாம். உடல் பற்றி நிறையப் பேசிய நம் பத்திரிகைகளில் பலவும் அப்படித்தான் செய்தன. அய்யாவின் புறணி உண்மையிலேயே கிளர்ந்திருக்கிறது. அதற்கு நாளை ஒரு நல்ல மருந்து வரலாம். காந்தமே வேறு வடிவில், வேறு இடத்தில் வைக்கப்பட்டுப் பயன் தரலாம். ஆய்வுகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் மறுப்பது காந்தத்தை அல்ல. 'நிரந்தரத் தீர்வு' என்ற அச்சடித்த வாக்கியத்தையும், அந்த வாக்கியம் மறைக்கும் ஆலையையும்தான்.

அய்யாவிடம் சோதனை விவரங்களைச் சொன்னேன். பதினெட்டு, ஏழு என்ற கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். ஜெர்மனிக் கணக்கையும் கேட்டார். பிறகு, "சும்மா சுருள வச்சவங்களுக்கும் ஏழு பேருக்குக் கொறஞ்சுதுல்ல, அது எப்படி?" என்றார். போலிச் சிகிச்சையின் பலன் என்று ஏதோ சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பத்து நாளும் ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து, இன்னைக்கு எப்படி இருக்குன்னு கேட்டிருப்பான்ல" என்றார். ஆராய்ச்சி இதழ்கள் இதை வேறு சொற்களில் ஒப்புக்கொள்ளும். நகை அடகுக்குப் போகவில்லை. அரசு மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுத்தோம். பள்ளம் இருந்தது, எதிர்பார்த்த இடத்தில்.

வரைபடத்தை அவர் வாங்கிப் பார்த்தார். இருபது வருஷ வேலைக்குக் கிடைத்த முதல் எழுத்துபூர்வச் சான்று அந்தத் தாள்தான். அதிலும் இரைச்சலுக்கு ஒரு கட்டம் இல்லை.

கோரிக்கை என்று வைத்தால் பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. சாம்பிள் வெடிப்பவர்களுக்கு வேலையில் சேரும்போது ஒரு ஆடியோகிராம், பிறகு வருஷத்துக்கு ஒன்று. சத்தத்தை எடைபோட மீட்டர் இருக்கும்போது மனிதக் காது எதற்கு? காதுகளுக்கு அடைப்பான். விபத்தில் தப்பியவர்களுக்குத் தீக்காயத்தைப் பார்ப்பதோடு செவியையும் பார்ப்பது. மருத்துவப் பதிவேட்டில் ஒரு வரி காலியாக விடுவது. 'காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா?' என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே, சில்வண்டு என்றால் சில்வண்டு என்றே எழுதிக்கொள்வது. நான்கு மீட்டருக்கு வெளியே மைக்கை வைத்து நாடே கேட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே நின்றவர்களைக் கேட்க ஒரு பேனா போதும்.